நடுக்கோடு இடது தோளில்

பூட்ஸை வெட்டித்தான் எடுக்க வேண்டியிருந்தது என்றார் பிணவறை ஊழியர். நீளவாக்கில் பிளந்து கிடந்த வலது பூட்ஸையும் முழுதாக இருந்த இடது பூட்ஸையும் ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு இளையவனிடம் நீட்டினார்.

“புதுசா?”

“ஆமா. கால் பழகட்டும்னு தினமும் போட்டுட்டு இருந்தான்.”

“தூரமா எங்கயாவது போறதா இருந்தாரா?”

“வெளிநாடு. அங்க பைக்கை வாடகைக்கு எடுத்து மூணு பேரா சுத்தறதா இருந்தோம்.”

ஊழியர் தலையாட்டினார். அவரிடம் வருகிறவர்கள் எல்லோருக்கும் ஏதாவது திட்டம் இருந்திருக்கும். “சரி, ரோட்டுல எதிர்ப்பக்கம் ஏன் போனார்?”

நேற்றிலிருந்து இதைக் கேட்காத ஆள் இல்லை. இளையவன் வாயெடுப்பதற்குள் உள்ளே தொலைபேசி அடித்தது. ஊழியர் எழுந்து போனார். பதிலுக்காகக் கேட்கப்பட்ட கேள்வி இல்லை அது.

இளையவன் பையைக் காலடியில் வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தான். பதில் அவனிடம் இருந்தது. அதை யாரிடம் சொன்னாலும் பொய் போலத்தான் இருக்கும்.

அவர்கள் போகவிருந்த நாட்டில் வண்டிகள் சாலையின் வலப்பக்கம் ஓடும். இங்கே இடப்பக்கம். பயணத் திட்டத்தில் அண்ணன் கவலைப்பட்டது இந்த ஒன்றுக்காகத்தான். மலைப்பாதையில் எந்தக் கணவாய் எப்போது திறக்கும், எந்தக் கடையில் இருக்கை தாழ்வான வண்டி கிடைக்கும், மழைக்கு எந்தச் சட்டை என்பதையெல்லாம் அவன் மாதக்கணக்கில் உட்கார்ந்து தீர்த்துவிட்டான். அண்ணன் குள்ளம். இருக்கை தாழ்வான வண்டிக்காக அவன் அந்த வாடகைக் கடைக்காரனுக்கு எழுதிய மெயில்களைப் படித்தால் பெண் பார்க்கிறவன் எழுதியது போல இருக்கும்.

“மலை, மழை எல்லாம் பார்த்துக்கலாம்டா ஆந்தை,” என்பான். இளையவனுக்கு இரவு ஷிப்ட் என்பதால் அந்தப் பெயர். “நெரிசல்லகூட தப்பு வராது. முன்னாடி போறவன் பின்னாடியே போயிடலாம். காலையில டீ குடிச்சுட்டு வண்டியை எடுப்போம் பாரு, ரோடு காலியா இருக்கும், அப்பதான் பழக்கதோஷத்துல நம்ம ஊர்ப் பக்கம் ஏறிடுவோம். காலி ரோடுதான் ஆளைக் கொல்லும்.”

அதற்காகப் பழகினார்கள். இளையவன் வேலை செய்வது ஒரு குளிர்பதனக் கிடங்கில். ஞாயிற்றுக்கிழமை ஷிப்ட் முடியும்போது லாரிகள் நிற்கும் பின்முற்றம் காலியாக இருக்கும். வாட்ச்மேன் அண்ணனைத் திருட்டுத்தனமாக உள்ளே விடுவார். சுண்ணாம்புப் பொடியால் ஒரு நடுக்கோடு. பழைய டயர்களை அடுக்கி ஒரு ரவுண்டானா. வண்டியின் இரண்டு பக்கமும் பெட்டி மாட்டி, உள்ளே செங்கல் வைத்து, அதோடு சுற்ற வேண்டும். “நடுக்கோடு எப்பவும் இடது தோள்ல!” என்று ஹெல்மெட்டுக்குள்ளிருந்து கத்திக்கொண்டே அண்ணன் போவான். வாட்ச்மேன் நாற்காலி போட்டு உட்கார்ந்து, “இந்த வயசுல லைசென்ஸ் வாங்கி என்ன பண்ணப் போறீங்க?” என்று கேட்பார்.

அண்ணன் சீக்கிரம் பிடித்துக்கொண்டான். இளையவன் கடைசி வரை தடுமாறினான். “நீ அங்க போன முதல் நாளே காலிடா. உன் பெட்டியை நான்தான் தூக்கிட்டு வரணும்,” என்று அண்ணன் சிரித்தான்.

செவ்வாய்க்கிழமை காலை அண்ணன் வேலைக்குப் போகும் வழியில் பெட்ரோல் போட்டான். பங்க்கிலிருந்து வெளியே வந்து வலப்பக்கம் திரும்பி, சாலையின் வலப்பக்கத்திலேயே போனான். வளைவில் தண்ணீர் லாரி வந்தது.

பங்க் கேமராவில் பதிந்ததைப் போலீஸ்காரர் தன் போனில் இளையவனுக்கும் அண்ணிக்கும் காட்டினார். அண்ணன் தடுமாறவில்லை. அவசரப்படவில்லை. சாலை ஓரத்தில் நின்று, தலையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, எதிர்ப்பக்கத்தில் ஏறி நேராக, நிதானமாகப் போனான். “போதையில போறவன் இப்படி போக மாட்டான் சார்,” என்றார் போலீஸ்காரர். “முடிவு பண்ணிட்டுப் போற மாதிரி போறார்.” பிறகு அண்ணி பக்கத்தில் நிற்பது நினைவுக்கு வந்து போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

அண்ணன் தலையை இடப்பக்கம் திருப்பினான். இளையவன் அதைப் பார்த்தான். இங்கே அந்தத் திருப்பத்தில் வண்டி வருவது வலப்பக்கத்திலிருந்து. அந்தப் பக்கம் அவன் பார்க்கவே இல்லை. வலப்பக்கம் ஓட்டும் நாட்டில் எந்தத் திசையைப் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டுமோ அந்தத் திசையைப் பார்த்தான். அன்று காலை அண்ணன் ஏற்கெனவே அந்த நாட்டில் இருந்தான்.

வேனில் உடலோடு வீட்டுக்கு வந்தபோது வாசலில் அக்கா நின்றிருந்தாள். இவர்கள் இருவருக்கும் மூத்தவள். இளையவன் இறங்குவதற்கு முன்பே வேன் கதவைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள்.

“நெஞ்சு வலி. புரியுதா?”

“என்ன நெஞ்சு வலி?”

“வண்டி ஓட்டிட்டு இருக்கும்போது நெஞ்சு வலி வந்துடுச்சு. நினைவு தப்பி எதிர்ப்பக்கம் போயிட்டான். எல்லார்கிட்டயும் அப்படித்தான் சொல்லியிருக்கேன். நீ எதையாவது உளறி வைக்காத.”

“அக்கா, அவன் பழகிட்டு இருந்தான். வலது பக்கம் ஓட்டறதுக்கு. பழக்கத்துல அப்படியே போயிட்டான்.”

அக்கா அவனை ஏற இறங்கப் பார்த்தாள். “எவனாவது நம்புவானா இதை? கழுதை வயசாச்சு உனக்கு. சொல்றதுதான் சொல்ற, நம்பற மாதிரி சொல்லக் கூடாதா?”

அக்காவுக்கு இதில் அனுபவம் உண்டு. அப்பா செத்தபோதும் கதை அவளுடையதுதான். அப்பா ஐந்து மாடிக் கட்டடத்தின் மேல்தளத்திலிருந்து விழுந்தார். ஆன்டெனாவைச் சரிசெய்யப் போனவர் கால் வழுக்கி விழுந்துவிட்டார் என்று அக்கா சொன்னாள். அந்தக் கட்டடத்துக்குக் கேபிள் வந்து வெகுநாள் ஆகியிருந்தது, மேல்தளத்தில் ஆன்டெனா என்று எதுவும் இல்லை. கேட்டவர்கள் எல்லோருக்கும் அது தெரியும். ஆனாலும் ஒருவரும் மறுத்துப் பேசவில்லை. மூன்று பிள்ளைகளும் அதையே சொல்லிச் சொல்லி, கடைசியில் இளையவனின் கனவில்கூட அப்பா கையில் ஆன்டெனாவோடு வர ஆரம்பித்தார்.

கூடத்தில் நாற்காலிகளை ஓரம்கட்டி அண்ணனைக் கிடத்தினார்கள். முகத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. ஹெல்மெட் நல்ல ஹெல்மெட். லிஃப்ட் கம்பெனியிலிருந்து அவனோடு வேலை செய்தவர்கள் வந்து சுவர் ஓரமாக நின்றார்கள். அண்ணன் லிஃப்ட் மெக்கானிக். தோளில் அடிபட்ட பிறகு அவனைக் குழிக்குள் இறக்காமல், புகார் எடுக்கும் போன் முன்னால் உட்கார வைத்திருந்தார்கள். யாராவது எங்காவது லிஃப்டில் மாட்டிக்கொண்டால் “பயப்படாதீங்க, ஆள் வந்துட்டு இருக்கு” என்று நாளெல்லாம் சொல்ல வேண்டிய வேலை. அதிலிருந்து வீட்டில் அவன் பேச்சுக் குறைந்துவிட்டது. வந்திருந்தவர்கள் அதைப் பற்றித்தான் கிசுகிசுத்தார்கள்.

“கொஞ்ச நாளாவே ஆள் ஒரு மாதிரிதான் இருந்தாரு.”

“அப்பாவும் இப்படித்தான்னு சொல்றாங்களே.”

“அது ஆன்டெனாப்பா.”

“ஆமா, ஆமா. ஆன்டெனா.”

அண்ணி தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. அவள் ஒரு கண் மருத்துவமனையில் கண்ணாடிக்கு அளவு பார்ப்பவள். ஒரு கண்ணாடித் துண்டை மாற்றி மாற்றிப் போட்டு, “இது தெளிவா, இது தெளிவா?” என்று நாளெல்லாம் கேட்பவள். இப்போது வருகிறவர்களின் முகங்களை அப்படித்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். யார் எதை நம்பிக்கொண்டு வந்திருக்கிறார்கள் என்று அவளுக்குத் தெரிந்துகொண்டிருந்தது.

எரியூட்டும் நிலையத்தில் வரிசை இருந்தது. இவர்களுக்கு முன்னால் இன்னொரு குடும்பம். வெளியே சிமெண்ட் பெஞ்சில் சோடா வந்து இளையவன் பக்கத்தில் உட்கார்ந்தான். அண்ணனின் பள்ளித் தோழன், பயணத்தில் மூன்றாவது ஆள். சோடாபுட்டிக் கண்ணாடி, அதனால் அந்தப் பெயர். அந்தக் கண்ணாடிக்கு அளவு பார்த்ததும் அண்ணிதான்.

சோடா போனை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான். பிறகு, “இதை இப்ப சொல்லலாமா தெரியலை,” என்றான்.

“சொல்லு.”

“கடைக்காரன் இன்னைக்குக் காலையில மெயில் போட்டிருக்கான். சீட்டைக் குறைச்சுட்டானாம். போட்டோ எல்லாம் அனுப்பியிருக்கான். நல்லா இருக்குடா வண்டி.”

இளையவன் நிலையத்தின் கதவைப் பார்த்தான்.

“நான் என்ன பதில் போடட்டும்? மூணு வண்டியை ரெண்டாக்கச் சொல்லவா, இல்ல...”

“அண்ணிகிட்ட ஒண்ணு சொல்லணும் சோடா. நாங்க பின்முற்றத்துல பழகினோம்ல, அதைச் சொல்லு. நீ சொன்னா நம்புவாங்க.”

சோடா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். “நான் ஒரு நாள்கூட வரலையேடா. அங்க போய்ப் பார்த்துக்கலாம்னு விட்டுட்டேன். நீங்க பழகறீங்கன்னு உங்க அண்ணன் சொன்னான், அவ்வளவுதான். பார்த்தேன்னு பொய் சொல்லவா? சொல்றேன், வேணும்னா. பரவாயில்ல.”

“வேண்டாம்.”

உள்ளிருந்து பெயரைக் கூப்பிட்டார்கள். இருவரும் எழுந்தார்கள். அக்கா அங்கே யாரோ ஒருவரிடம் இடது மார்பைத் தொட்டுக் காட்டிப் பேசிக்கொண்டிருந்தாள்.

சாயங்காலம் ஆட்கள் குறைந்ததும் இளையவன் அண்ணியைத் தேடிப் போனான். சமையலறையில் நின்று டம்ளர்களைக் கழுவிக்கொண்டிருந்தாள். யார் யாரோ குடித்துவிட்டு வைத்த டம்ளர்கள். அவன் ஒரு துணியை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தான். பிறகு எல்லாவற்றையும் சொன்னான். கிடங்கின் பின்முற்றம், சுண்ணாம்புக் கோடு, டயர், செங்கல், வாட்ச்மேன், போனில் பார்த்த அந்தத் தலைத் திருப்பம்.

“அங்கயும் ரோடு இங்க மாதிரிதான்னு அவர் எங்கிட்ட சொன்னாரே,” என்றாள்.

“நீங்க பயந்துட்டு, போக வேண்டாம்னு சொல்லிடுவீங்கன்னு...”

“சொல்லியிருப்பேன்.” அடுத்த டம்ளரை எடுத்தாள். “தம்பி, கல்யாணமாகி நான் இந்த வீட்டுக்கு வந்தப்போ உங்கப்பாவைப் பத்தி மூணு பேரும் தனித்தனியா சொன்னீங்க. ஒரு வார்த்தை மாறல. அப்பவே எனக்குத் தெரிஞ்சுது. உண்மையா நடந்ததை மூணு பேர் சொன்னா மூணு மாதிரி இருக்கும்.”

“இது அப்படி இல்ல அண்ணி.”

“ஆன்டெனா மாதிரி இல்லையா?”

அவன் துடைத்த டம்ளரையே மறுபடி துடைத்தான்.

“வாட்ச்மேனைக் கூட்டிட்டு வரட்டுமா?”

“வருவார். நீங்க சொல்லிக் கொடுத்ததைச் சொல்வார். உங்கக்கா ஒண்ணு சொல்றாங்க, நீங்க ஒண்ணு சொல்றீங்க. எல்லாரும் எனக்கு நல்லதுதான் செய்றீங்க. நான் கோபமா இல்ல.” குழாயை மூடினாள். “போன மாசம் எனக்கு சிலிண்டர் மாத்தக் கத்துக் கொடுத்தார். மோட்டார் எப்படிப் போடறதுன்னு காட்டினார். பேங்க் பாஸ்வேர்டை உட்கார வெச்சு சொல்லிக் கொடுத்தார். எம்பேரை நாமினியா போட்டு இன்சூரன்ஸ் எடுத்தார். நான் கேட்கவே இல்ல.”

“ஊருக்குப் போறதுக்காகத்தான் அண்ணி. அந்த இன்சூரன்ஸ் இல்லாம வண்டி தர மாட்டான்.”

“இருக்கலாம். ரெண்டுக்கும் அதையேதானே செய்வாங்க?”

மாதக்கணக்காக அண்ணன் இந்த வீட்டில் மேப்பை விரித்து வைத்துக்கொண்டு வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்தான். அண்ணி பார்த்தது அதை மட்டும்தான்.

“எங்கிட்ட பேசறதையே விட்டுட்டார்,” என்றாள். “உங்ககிட்ட பேசினாரா?”

“பேசினான். சிரிப்பான், கத்துவான், பாட்டெல்லாம் பாடுவான்.”

சொன்ன பிறகுதான் சொல்லியிருக்க வேண்டாம் என்று பட்டது. அண்ணி கைகளைத் துடைத்துக்கொண்டு கூடத்துக்குப் போனாள். காலியான இடத்தில் நாற்காலிகளை இழுத்துப் போட ஆரம்பித்தாள்.

இளையவனுக்குத் தூக்கம் வரவில்லை. இரவு விழிப்பது அவனுக்குப் பழக்கம்தான், ஆனால் வேலை இல்லாமல் விழிப்பது வேறு. அண்ணி சொன்னதை யோசித்தான். அண்ணன் இடப்பக்கம் பார்த்தான், சரி. அந்தப் பக்கம் பார்த்தால் எதிரே வருவது தெரியாது. தெரிய வேண்டாம் என்று நினைக்கிறவனும் அப்படிப் பார்க்கலாம். பின்முற்றத்தில் பாடினான், சரி. அப்பாவும் விழுந்த அன்று காலை சவரம் செய்துகொண்டே விசில் அடித்தார். விடிவதற்குள் அவனுக்கே தன் கதை அக்காவின் கதையைப் போல ஒலிக்க ஆரம்பித்துவிட்டது.

மறுநாள் காவல் நிலையத்தில் மனைவி நேரில் வந்து கையெழுத்துப் போட வேண்டும் என்று ஆள் வந்தது. அக்கா காருக்குச் சொல்லியிருந்தாள். வருகிறது, வருகிறது என்று சொல்லிக்கொண்டே இருந்தார்கள். அண்ணி செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே வந்தாள்.

“தம்பி, உங்க வண்டியை எடுங்க.”

“வண்டியிலயா?” என்றாள் அக்கா. “பார்க்கிறவங்க என்ன நினைப்பாங்க?”

“நெஞ்சு வலின்னு நினைப்பாங்க,” என்றாள் அண்ணி.

காவல் நிலையம் ஒரு பின்தெருவில் இருந்தது. எதிரே நீளமான பள்ளிக்கூடச் சுவர். வகுப்பு நடக்கிற நேரம், தெருவில் ஆளில்லை. உள்ளே எழுத்தர் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டே படித்தார். கவனக்குறைவாக எதிர்த்திசையில் சென்று, என்று ஒரு வரி வந்தது. நிறுத்தினார்.

“அவருக்கு வீட்டுல, வேலையில, ஏதாவது மனக்கஷ்டம் இருந்துச்சாம்மா?”

அண்ணி யோசித்தாள். “தெரியலை.”

“உண்டு, இல்லைன்னு ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க. தெரியலைன்னு போட இதுல இடமில்ல.”

அவள் இளையவனைத் திரும்பிப் பார்த்தாள். அவன் சொன்னால் அதையே சொல்லிவிடுவாள் போலிருந்தது. இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தான். வார்த்தை வரவில்லை.

எழுத்தர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். கெட்டவர் இல்லை. “இல்லைன்னே போட்டுக்கறேன்,” என்று தட்டிக்கொண்டார். அண்ணி கையெழுத்துப் போட்டாள். பேனா எழுதவில்லை. இன்னொரு பேனா கொடுத்தார்கள்.

வெளியே வெயில் ஏறியிருந்தது. அண்ணி பின்னால் ஏறிக்கொண்டாள். இளையவன் வண்டியைக் கிளப்பினான். அந்த எழுத்தரின் முன்னால் ஏன் வாயடைத்துப் போனோம் என்பதுதான் மனதில் ஓடிக்கொண்டிருந்தது. கேட்டைத் தாண்டினான், திரும்பினான், கியரை மாற்றினான். சுவர் பக்கத்தில் நழுவிக்கொண்டே வந்தது. உள்ளே பிள்ளைகள் ஒரே குரலில் எதையோ ஒப்பித்தார்கள்.

ஹெல்மெட்டில் தட்டு விழுந்தது. ஒருமுறை, பிறகு விடாமல்.

“என்ன அண்ணி?”

“நிறுத்துங்க.”

எதிரே ஒரு வேன் வந்துகொண்டிருந்தது. அவனுக்கு நேராக. பட்டப்பகலில் விளக்கைப் போட்டுப் போட்டு அணைத்தான் வேன்காரன். ஏன் இவன் என் பக்கம் வருகிறான் என்று நினைத்தபடிதான் இளையவன் பிரேக்கைப் பிடித்தான். வேன் ஒடித்துத் தாண்டும்போது ஓட்டுநர் தலையை வெளியே நீட்டினான்.

“வீட்டுல சொல்லிட்டு வந்துட்டியா?”

வேன் போய்விட்டது. இளையவன் காலை ஊன்றிக்கொண்டு கீழே பார்த்தான். சாலையின் நடுக்கோடு அவன் இடப்பக்கம் இருந்தது.

என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது.

“அண்ணி, உங்களுக்குக் காட்டணும்னு நான் இதைச் செய்யல.”

“கேட்டுல நின்னப்போ எந்தப் பக்கம் பார்த்தீங்க?”

அவன் நினைத்துப் பார்த்தான். “தெரியல.”

“இடது பக்கம்,” என்றாள் அண்ணி. குரல் மாறவில்லை. மருத்துவமனையில் அளவைச் சொல்லும் குரல் அது. “வலது பக்கம் பார்க்கவே இல்ல.”

அவள் வண்டியிலிருந்து இறங்கினாள். சேலை மடிப்பைச் சரிசெய்துகொண்டாள். கைநீட்டிச் சாவியைத் திருப்பி என்ஜினை அவளே நிறுத்தினாள். பள்ளிக்கூடத்தின் ஒப்பித்தல் இப்போது தெளிவாகக் கேட்டது.

“தள்ளிட்டு வாங்க,” என்றாள். “நடந்தே போகலாம்.”

“ரொம்ப தூரம் அண்ணி.”

“பரவாயில்ல.”

அவன் ஹெல்மெட்டைக் கழற்றிக் கைப்பிடியில் மாட்டினான். சாலையைக் கடந்து மறுபக்கம் போய் வண்டியைத் தள்ள ஆரம்பித்தான். தெரு முனையில் பெரிய சாலை வந்தது. பஸ்களும் லாரிகளும் போய்க்கொண்டிருந்தன. அதுவரை அவனுக்கு ஓரப்பக்கமாக நடந்துகொண்டிருந்த அண்ணி வண்டிக்குப் பின்னால் சுற்றி வந்து, லாரிகள் போகிற பக்கத்துக்கு மாறிக்கொண்டாள்.